தயிரை மருந்துக்கடைக்கு அனுப்பாதீர்கள்

போன வாரம் என் பேரன் ஒரு சின்னப் புட்டியைக் கொண்டுவந்து வைத்தான். "தாத்தா, இதுல கோடிக்கணக்குல நல்ல பாக்டீரியா இருக்கு. தினம் ஒண்ணு குடிங்க" என்றான். விலையைக் கேட்டேன். ஒரு வாரத்துப் புட்டிகளின் காசுக்கு இரண்டு லிட்டர் பால் வாங்கி உறை ஊற்றிவிடலாம்.

இந்த வித்தை புதிதல்ல. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு பஸ்தேரைப் பாடமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அவர் பெயரில் பாரிசில் உள்ள ஆய்வகத்தில் பணியாற்றியவர் மெச்னிகோவ் என்ற ருஷ்யர். பெருங்குடல் கிருமிகளின் விஷத்தால்தான் மூப்பு வருகிறது, பல்கேரியர்கள் நெடுநாள் வாழ்வது புளித்த பாலால்தான் என்றார். 1908ல் நோபல் பரிசு பெற்றவர் சொன்னால் யார் மறுப்பார்கள்? அந்தப் பரிசு நோய் எதிர்ப்பு ஆய்வுக்குத்தான், தயிருக்கு அல்ல. 1919ல் பார்சலோனாவில் ஐசக் கராசோ தயிர் வியாபாரம் தொடங்கியபோது மருந்துக்கடைகளில்தான் விற்றார். மெச்னிகோவோ 1916லேயே 71 வயதில் காலமாகிவிட்டார். நான் அவரைத் தாண்டிவிட்டேன்.

பிறகு வந்த ஆய்வாளர்கள், அந்தப் பல்கேரியக் கிருமி குடலில் தங்குவதே இல்லை என்று கண்டார்கள். அலுவலக பாஷையில் சொன்னால், தயிர்க் கிருமி தினக்கூலி. வரும், வேலை செய்யும், போய்விடும். அதன் வேலையை நான் குறை சொல்லவில்லை. பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்க அது உதவுகிறது. பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்வது அதனால்தான்.

நிரந்தர ஊழியர்கள் பெருங்குடலில் இருக்கிறார்கள். நம் உடம்பில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள், பெரும்பாலானவை அங்கேதான். அவர்களுக்குச் சம்பளம் நார்ச்சத்து: கீரை, அவரைக்காய், கொண்டைக்கடலை, கேழ்வரகு. சம்பளத்தை நிறுத்திவிட்டு, புட்டி புட்டியாகத் தினக்கூலிகளை அனுப்பி என்ன பயன்?

இன்னொரு கூட்டம் வாட்ஸ்அப்பில் இருக்கிறது. "முன்னோர் அறிந்த ரகசியம், மோர் குடித்தால் சர்க்கரை நோய் ஓடிவிடும்" என்று தினமும் காலையில் அனுப்புகிறார்கள். இவர்களும் மருந்துக்கடைக்காரர்கள்தான், கையில் புட்டி இல்லை, அவ்வளவே. எங்கள் தெருவில் ஒருவர் இதை நம்பி மாத்திரையை நிறுத்தினார். பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். முன்னோர் மோரைக் குடித்தது வெயிலுக்கும் ருசிக்கும். அவர்கள் மீது ஏன் பொய்யைச் சுமத்துகிறீர்கள்?

நண்பர்களே, தயிர் நல்ல உணவு. அதை உணவாகவே இருக்க விடுங்கள். எனக்கு மதியம் மோர்ச்சோறு வேண்டும், பக்கத்தில் கீரைப் பொரியலும் வேண்டும். மாத்திரையை டாக்டர் சொன்னபடி விழுங்குவேன்.

அந்தப் புட்டியைப் பேரனே குடித்துவிட்டான். நல்ல இனிப்பாம்.