களிமண் தரையில் ஒரு கூலிக் கணக்கு

நோவக் ஜோகோவிச் இணைந்து நிறுவிய தொழில்முறை டென்னிஸ் ஆட்டக்காரர்கள் சங்கம், 2025 மார்ச்சில் நியூயார்க் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. ஆடவர், மகளிர் போட்டிகளை நிர்வகிக்கும் அமைப்புகளும் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பும் சேர்ந்து பரிசுத் தொகையைத் தாழ்த்தி வைத்திருக்கின்றன என்பது குற்றச்சாட்டு. கோடிகளில் புரள்வோருக்குக் கூலிப் பிரச்னையா என்று சிரிப்பவர்கள், பாரீஸின் களிமண் தரையில் 1968-இல் நடந்ததை அறிய வேண்டும்.

1891-இல் தொடங்கிய பிரெஞ்சு சாம்பியன்ஷிப், 1925-இல்தான் அயல்நாட்டவருக்குத் திறக்கப்பட்டது. அதுவும் அமெச்சூர்களுக்கு மட்டும். ஆடுவதற்குப் பணம் பெறக் கூடாது என்பது விதி. வழிச்செலவு என்ற பெயரில் கணக்கில் வராத பணம் கைமாறியது நடைமுறை. இதனை ஒழுக்கநெறி என்றே பலரும் போற்றினர். பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு அது வேறுவிதமாகத் தெரிகிறது. ஆட்டக்காரரின் உழைப்பை வாங்குவோர் சங்கங்கள் மட்டுமே என்ற சந்தையில், அதன் விலை பூஜ்ஜியம் என்று அச்சங்கங்கள் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடு அது. நுழைவுச்சீட்டு விற்ற பணம் சங்கத்துக்கு, கோப்பை ஆட்டக்காரருக்கு.

மீறியவர் வெளியேற்றப்பட்டார். 1953-இல் தம் 18-ஆவது வயதில் பாரீஸில் பட்டம் வென்ற கென் ரோஸ்வால், ஜாக் கிராமரின் தொழில்முறைக் குழுவில் சேர்ந்ததால் 1957 முதல் பெரும் போட்டிகள் எதிலும் ஆட முடியவில்லை. நம் ராமநாதன் கிருஷ்ணனையும் கிராமர் அழைத்தார், அவர் மறுத்துவிட்டார். ஏற்றிருந்தால் டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்கு அவர் கிடைத்திருக்க மாட்டார்.

1967 டிசம்பரில் பிரிட்டன் இந்த வேறுபாட்டை ஒழிக்க முடிவெடுத்தது. 1968 மார்ச்சில் சர்வதேசக் கூட்டமைப்பும் இறங்கிவந்தது. இருதரப்பினரும் கலந்தாடிய முதல் கிராண்ட்ஸ்லாம் போட்டி மே மாத இறுதியில் பாரீஸில் தொடங்கியபோது, பிரான்ஸே வேலைநிறுத்தத்தில் முடங்கியிருந்தது. ரயில் ஓடவில்லை, பெட்ரோல் கிடைக்கவில்லை. ஆட்டக்காரர்கள் பலர் அண்டை நாடுகளில் இறங்கிக் கார்களில் வந்து சேர்ந்தனர். ஆயினும், ரோலண்ட் காரோஸ் அரங்கம் நிரம்பி வழிந்தது. 40 வயது பாஞ்சோ கொன்சாலஸ், முந்தைய ஆண்டின் சாம்பியன் ராய் எமர்சனை வீழ்த்தினார். இறுதி ஆட்டத்தில் ரோஸ்வால், ராட் லேவரை 6-3, 6-1, 2-6, 6-2 என வென்று 15,000 பிராங்க் பெற்றார். பாரீஸில் அவர் பெற்ற முதல் பட்டத்துக்கும் இதற்கும் இடையே 15 ஆண்டுகள்!

மகளிர் பட்டத்துக்கு 5,000 பிராங்க். அதாவது மூன்றில் ஒரு பங்கு. பட்டம் வென்ற நான்சி ரிச்சி அமெச்சூராகவே இருந்ததால் அதையும் பெற முடியவில்லை. அவரிடம் தோற்ற ஆன் ஜோன்ஸ் தொழில்முறை வீராங்கனை என்பதால் பரிசுப் பணத்துக்கு உரியவரானார். சாம்பியன்களின் பரிசு இருபாலருக்கும் சமமானது 2006-இல்தான்.

யாரைச் சேர்ப்பது என்ற அதிகாரத்தையும் அமைப்பாளர்கள் விட்டுவிடவில்லை. அமெரிக்காவில் புதிதாகத் தொடங்கிய அணி டென்னிஸ் போட்டிக்கு ஒப்பந்தமான ஜிம்மி கானர்ஸையும் இவான் கூலகாங்கையும் 1974-இல் பாரீஸில் அனுமதிக்கவில்லை. அவ்வாண்டின் மற்ற மூன்று கிராண்ட்ஸ்லாம் பட்டங்களையும் வென்றவர் கானர்ஸ்.

2025 மார்ச்சில் தொடுத்த வழக்கில் பிரதிவாதியாகச் சேர்க்கப்பட்ட சர்வதேசக் கூட்டமைப்பு, 1968-இல் இறங்கிவந்த அதே அமைப்புதான். வருவாயில் ஆடுபவரின் பங்கை மறுதரப்பே முடிவு செய்யும் நிலை இன்னும் மாறவில்லை. ஜோகோவிச்சுக்கு இதனால் இழப்பு சொற்பம். தரவரிசையில் 200-ஆவது இடத்தில் இருந்துகொண்டு, பயிற்சியாளர் ஊதியத்தையும் விமானக் கட்டணத்தையும் தம் கைப்பணத்தில் கொடுப்பவருக்கு இது வாழ்வாதாரக் கணக்கு.