இசைத்தட்டின் உறையும் கொழுந்துக் கூடையும்

மலையகத்து இளைஞர் ஒரு பாடலை வெளியிட்டால், அதன் முகப்பில் கொழுந்துக் கூடை சுமந்த பெண்ணொருத்தி சிரித்துக்கொண்டு நிற்கவேண்டும் என்பது எழுதாச் சட்டமாகிவிட்டது. இச்சட்டத்தை இயற்றியவர் யார் என்று கேட்பாரில்லை. கேட்டே ஆகவேண்டும் என்பது என் வழக்கு.

அண்மையில் பதுளையை அடுத்த தோட்டமொன்றைச் சேர்ந்த இளைஞர் நால்வர் தாம் ஆக்கிய றொக் பாடலொன்றை எனக்குப் போட்டுக் காட்டினர். மின்கிற்றாரோடு தப்பும் சேர்ந்து முழங்கும் நல்ல பாடல். பதுளையில் இரவு வண்டியேறிக் கொழும்புக் கடையொன்றுக்கு வேலைக்குப் போகும் பையனின் மனக்கொதிப்பே அதன் பொருள். முகப்பைப் பார்த்தேன். பச்சை மலை, பஞ்சு மேகம், கூடைப் பெண்! பாடலில் தேயிலை என்ற சொல்லே இல்லையே என்றேன். “மலையகம் என்றால் அதுதானே, சேர்” என்றார் மூத்தவர்.

அதுதானா? 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அருகிலுள்ள தம்பேதன்னை முதலிய தோட்டங்களை வாங்கினார். அவருடைய விளம்பரங்களில் கூடை சுமந்த தமிழ்ப் பெண் தோன்றினாள். அவளுக்குப் பெயரில்லை, ஊரில்லை. சரக்குக்குச் சாட்சி சொல்வதே அவள் வேலை. அப்படம் ஒரு வியாபாரக் குறி. நூற்றாண்டு கடந்தபின் அதே குறியை நம் பாடலின் நெற்றியில் நாமே ஒட்டிக்கொள்கிறோம்.

“அவள் எம் தாயல்லவா? தாயைக் காட்ட வெட்கமா?” என்று சினப்பாருளர். வெட்கம் எள்ளளவுமில்லை. தாயைக் காட்டுவதாயின் தாயையே காட்டுங்கள்: கறையேறிய விரல், அட்டை கடித்த கால், இடுப்பிற் கட்டிய படங்கு, விடியற்காலைப் பிரட்டுக்களத்தில் உறக்கம் கலையாத முகம். சுற்றுலாப் பயணிக்காகச் சிரிக்கும் அப்படத்துப் பெண்ணை நம் வீட்டில் யாரும் கண்டதில்லை.

உறை அற்பப் பொருள் என்பாரும் உளர். 1967இல் பீற்றர் பிளேக்கும் ஜான் ஹாவர்த்தும் அமைத்த பீற்றில்ஸ் குழுவினரின் ‘சார்ஜன்ட் பெப்பர்’ உறையில் புகழ்பெற்றோர் பலர் கூட்டமாய் நிற்கின்றனர். காந்தியடிகளின் உருவமும் முதலில் அங்கிருந்தது. இந்தியாவில் மனக்கசப்பு எழுமென அஞ்சி இசைத்தட்டு நிறுவனம் அதை நீக்குவித்தது. அற்பப் பொருளுக்கு அஞ்சுவானேன்? அதே ஆண்டில் ஜிமி ஹென்றிக்ஸின் இசைத்தட்டொன்றுக்கு, நம் லயத்துச் சுவர்களில் தொங்கும் நாட்காட்டிப் படங்களின் இனத்தைச் சேர்ந்த திருமாலின் விசுவரூபப் படத்தை எடுத்துக் குழுவினரின் முகங்களை அதிற் பொருத்தினர். ஹென்றிக்ஸ் அதை விரும்பவில்லை. அவர் தம் மரபில் இந்தியர் என்று எண்ணியது அமெரிக்கப் பழங்குடியினரை. இந்தியர் என்றதும் கைக்கெட்டிய படத்தை எடுத்தவர்களுக்கும், மலையகம் என்றதும் கூடையை எடுக்கும் நமக்கும் என்ன வேற்றுமை?

தமிழரால் இயலாத கலையன்று இது. யாழ்ப்பாணத்திற் சிறுபருவம் கழித்து 1986இல் அகதியாய் இலண்டன் சென்ற மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்னும் பாடகியாக அறியப்படுமுன்னரே ஓவியர். எலாஸ்டிக்கா என்ற ஆங்கில றொக் குழுவின் ‘த மெனஸ்’ (2000) உறை அவர் ஆக்கியதே. 2005இல் தம் முதல் இசைத்தொகுப்புக்குத் தந்தையின் பெயரால் ‘அருளர்’ என்று பெயரிட்டு, தகட்டில் வெட்டி வண்ணம் தெளித்த புலிகளாலும் போர்த்தாங்கிகளாலும் அதன் உறையை நிரப்பினார். அவ்வரசியலை ஏற்பதும் மறுப்பதும் வேறு விடயம். எந்த வியாபாரியும் அவ்வுருவங்களை அவருக்குத் தேர்ந்து கொடுக்கவில்லை என்பதே இங்கு நமக்கு வேண்டுவது.

ஊவாவில் படத்துக்கா பஞ்சம்? 2014 ஒக்ரோபர் 29இல் மீரியபெத்தை லயங்களின்மேல் சரிந்த மலை இருக்கிறது. தெமோதரையில் இருப்புப்பாதை வளையமிட்டுத் தன் அடியிலேயே தான் நுழைந்து செல்கிறது. வட்டமான இசைத்தட்டுக்கு இதைவிடப் பொருத்தமானது யாது? (தட்டு அருகி, உறையும் இன்று கைத்தொலைபேசியில் தீப்பெட்டியளவாய்ச் சுருங்கிவிட்டது என்பதை அறிவேன். அத்துணைச் சிறிய இடத்தில் பழகிய குறியைத் தவிர வேறெதுவும் தெரியாது என்று சோம்பலுக்குச் சமாதானம் சொல்ல வேண்டா.)

தெமோதரையை அவ்விளைஞரிடம் சொன்னபோது தப்படிப்பவர் மறுத்தார். அதையும் சுற்றுலாக்காரர் எடுத்துக்கொண்டனராம். உண்மைதான், என் யோசனையும் ஓர் அஞ்சலட்டையே. பின்னர் அவரே தம் அண்ணன் முதன்முறை கொழும்புக்குக் கொண்டுபோன பையை எடுத்துவந்தார். கைப்பிடி அறுந்த இடத்தைச் சணற்கயிற்றாற் கட்டியிருந்தார்கள். லயத்து வாசற்படியில் அதை வைத்துப் படமெடுத்திருக்கிறார்கள்.