மறுப்பை எழுதிக் கொடு!

தமிழக அரசு 2023இல் கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் நமக்கு 35 விழுக்காடு மானியம். நல்லதுதான். மீதிக்கு எங்கே போவது? வங்கிக்குத்தான். அங்கேதான் தோழர்களே, சாதி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது.

மாவு மில் வைக்கக் கடன் கேட்டுப் போனேன். விண்ணப்பத்தைப் புரட்டிய மேலாளர், "மாவு மில்லா? ஊர்க்காரங்க உங்கிட்ட அரைக்க வருவாங்களா? ஓடாதுப்பா. ஆடு, மாடுன்னு மாத்திக் கொண்டா" என்கிறார். எனக்கு 41 வயது. அவர்கள் தீண்டாமைக்கு நான் தொழிலை மாத்தணுமாம்!

அடுத்து, "ஜாமீனுக்கு நிலம் இருக்கா?" சிறுதொழிலுக்கு 10 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்கக் கூடாதென்று 2010இலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. சொன்னேன். "சட்டம் பேசுறியா?"

நிலமா? செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீர் 1891இல் எங்கள் நிலைமையை எழுதி அனுப்பிய பிறகு பஞ்சமருக்கென ஒதுக்கியது ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர். பிற சாதிக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனை வேறு. என் பாட்டன் பங்கில் இன்னிக்குக் கரும்பு போடுறது யாரு? மில்லுக்கு வரமாட்டாங்கன்னு சொன்னாரே, அந்த ஊர்க்காரங்கதான். அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டுத்தானே 1994இல் காரணைப் போராட்டத்தில் ஜான் தாமஸையும் ஏழுமலையையும் துப்பாக்கிச் சூட்டுக்குப் பறிகொடுத்தோம்! பிடுங்கிக்கிட்டு, பத்திரம் எங்கேன்னா என்ன நியாயம்?

"கடன் இல்லைன்னா காரணத்தை எழுதிக் கொடுங்க" என்றேன். முகம் மாறிப்போச்சு. இன்னும் எழுதித் தரவில்லை. வியாழக்கிழமை மறுபடி போகிறேன். பத்துப் பேராவது கூட வாங்க.