பற்றுச்சீட்டு ஒரு வாக்குறுதி

மளிகைக் கடையில் காய்கறி வாங்குபவரின் பையில் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கொசுறாகப் போடுவது நெடுங்கால வழக்கம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அட்டையில் ‘555’ என்று அச்சிட்ட சிறு குறிப்பேட்டில் வாடிக்கையாளரின் கடனை எழுதிவைத்துச் சம்பள நாளில் பெற்றுக்கொள்ளும் பழக்கமும் இருந்தது. கொசுறும் குறிப்பேடும் உணர்த்தியது ஒன்றுதான்: கடைக்காரர் தம் வாடிக்கையாளரை அறிந்திருக்கிறார், நம்புகிறார். இன்று அந்த இடத்திற்கு மின்னிலக்கப் பற்றுச்சீட்டு வந்துகொண்டிருக்கிறது. சிறுகடைகள் அதனை வழங்குவது வரவேற்கத்தக்கதே. எனினும், தெளிவான கணக்கும் நேர்மையும் இல்லாமல் தொடங்கினால் கடைக்கு இழப்பும் வாடிக்கையாளருக்கு ஏமாற்றமுமே மிஞ்சும்.

சிங்கப்பூரர்களுக்கு மின்னிலக்கப் பற்றுச்சீட்டு புதியதன்று. சமூக மேம்பாட்டு மன்றப் பற்றுச்சீட்டுகள் 2020ஆம் ஆண்டில் தாள் வடிவில் அறிமுகமாயின. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் அவை மின்னிலக்க வடிவம் பெற்று, ஒவ்வொரு சிங்கப்பூர்க் குடும்பத்திற்கும் 100 வெள்ளி வீதம் வழங்கப்பட்டன. உணவங்காடிக்காரர்களும் அக்கம்பக்கக் கடைக்காரர்களும் வாடிக்கையாளரின் கைப்பேசியில் தெரியும் கியூஆர் குறியீட்டை வருடிப் பணம் பெறக் கற்றுக்கொண்டனர். ஆகவே, தொழில்நுட்பம் குறித்த அச்சம் பெருமளவு நீங்கிவிட்டது. ஆனால், ஒரு வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது. மன்றப் பற்றுச்சீட்டின் மதிப்பை அரசாங்கம் கடைக்காரருக்குத் தருகிறது. கடை தானே வழங்கும் வெகுமதிப் பற்றுச்சீட்டின் மதிப்பு, கடைக்காரரின் சொந்தப் பையிலிருந்தே போகிறது.

இதனால் முதலில் போட வேண்டியது கணக்கு. ஒரு கடை, 100 வெள்ளிக்குப் பொருள் வாங்குவோருக்கு 5 வெள்ளிப் பற்றுச்சீட்டு தருவதாக வைத்துக்கொள்வோம். நூறு வெள்ளி விற்பனையில் அக்கடைக்கு 15 வெள்ளி இலாபம் கிடைக்கிறது என்றால், பற்றுச்சீட்டு பயன்படுத்தப்பட்டதும் அது 10 வெள்ளியாகக் குறையும். அதாவது, இலாபத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. கூடுதல் விற்பனைக்கும் இதே விகிதத்தில் பற்றுச்சீட்டு தந்தால், பழைய இலாபத்தை மீண்டும் எட்ட, 150 வெள்ளிக்கு விற்க வேண்டும். ஐந்து வெள்ளி என்பது சிறு தொகையாகத் தோன்றலாம். அதை ஈடுகட்ட விற்பனை பாதியளவு உயர வேண்டும் என்பதே உண்மை. இந்தக் கணக்கைப் போடாமல் பேரங்காடிகளைப் பார்த்துச் சலுகை அறிவிக்கும் சிறுகடை, புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதையாகிவிடும்.

அப்படியானால் மின்னிலக்கப் பற்றுச்சீட்டால் பயன் என்ன? தாள் அட்டையில் முத்திரை குத்தும் முறையில் அட்டை தொலைந்துபோகலாம். போலி முத்திரையும் குத்தப்படலாம். மின்னிலக்க முறையில் ஒவ்வொரு பற்றுச்சீட்டுக்கும் தனி எண் உண்டு. ஒருமுறை பயன்படுத்தியதும் அந்த எண் செல்லாததாகிவிடும். எனவே, ஒருவர் அதன் படத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பினாலும் கடை ஏமாறாது. மேலும், எத்தனை பற்றுச்சீட்டுகள் வழங்கப்பட்டன, எத்தனை திரும்பி வந்தன, இன்னும் எவ்வளவு நிலுவையில் உள்ளது என்பதைக் கடைக்காரர் உடனுக்குடன் அறியலாம். பயன்படுத்தப்படாத ஒவ்வொரு பற்றுச்சீட்டும் கடை கொடுக்க வேண்டிய கடன். அக்கடனின் அளவை அறிந்து நடத்துவதே நல்ல வணிகம்.

வெகுமதித் திட்டம் மனித மனத்தை ஈர்க்கும் ஆற்றல் கொண்டது என்பதையும் மறுக்க முடியாது. நூனஸ், ட்ரேஸ் என்ற ஆய்வாளர் இருவர் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதனைக் காட்டுகிறது. கார் கழுவும் நிலையம் ஒன்றின் வாடிக்கையாளர்களில் ஒரு பிரிவினருக்கு, எட்டு முத்திரைகள் பெற்றால் ஒருமுறை இலவசம் என்னும் அட்டை தரப்பட்டது. மற்றப் பிரிவினரின் அட்டையில் பத்து முத்திரைகள் தேவை. ஆனால், இரண்டு முத்திரைகள் ஏற்கெனவே குத்தப்பட்டிருந்தன. இருவகையினரும் எட்டு முறை வந்தாக வேண்டும். இருப்பினும், முதற்பிரிவில் 19 விழுக்காட்டினரும் இரண்டாம் பிரிவில் 34 விழுக்காட்டினரும் அட்டையை நிறைவுசெய்தனர். ஏற்கெனவே சிறிது தூரம் வந்துவிட்டோம் என்ற எண்ணமே ஒருவரை மேலும் நடக்கத் தூண்டுகிறது. இத்தகைய ஆற்றல் கையில் இருப்பதால்தான் கடைக்காரருக்குப் பொறுப்பும் கூடுகிறது. தேவையில்லாத பொருளை வாங்கத் தூண்டும் பற்றுச்சீட்டு, அன்று விற்பனையைக் கூட்டினாலும் பிறகு மனக்கசப்பையே வளர்க்கும்.

ஆகையால், நிபந்தனைகள் குறைவாகவும் தெளிவாகவும் இருக்க வேண்டும். எவ்வளவு வாங்கினால் எவ்வளவு கிடைக்கும், எந்தத் தேதிவரை செல்லும், எந்தப் பொருளுக்குச் செல்லாது என்னும் மூன்றையும் வாடிக்கையாளர் ஒரே பார்வையில் அறிந்துகொள்ளுமாறு எழுதிவைக்க வேண்டும். பணம் செலுத்தும் இடத்திற்கு வந்தபின், ‘இதற்குச் செல்லாது’ என்று கூறுவது, கொடுத்த பொருளைத் திரும்பப் பறிப்பதற்கு ஒப்பாகும்.

தகவல் சேகரிப்பிலும் அடக்கம் தேவை. சிங்கப்பூரில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்டது. 2019ஆம் ஆண்டு செப்டம்பர் முதல், சட்டப்படி தேவைப்படும் சூழல் போன்ற சிலவற்றைத் தவிர, நிறுவனங்கள் அடையாள அட்டை எண்ணைக் கேட்டுப் பெறக் கூடாது. ஒரு குவளைத் தேநீரை இலவசமாகத் தருவதற்குப் பிறந்த தேதியும் வீட்டு முகவரியும் எதற்கு? ஒரு தொலைபேசி எண் போதுமானால், அதோடு நிறுத்திக்கொள்வதே முறை.

‘எல்லாரிடமும் இப்போது கைப்பேசி இருக்கிறதே, தாளுக்கு என்ன தேவை?’ என்று சிலர் வாதிடலாம். கைப்பேசி வைத்திருப்பது வேறு. அதில் இணைப்பைத் திறந்து குறியீட்டைக் காட்டத் தெரிந்திருப்பது வேறு. சிறுகடைக்கு முப்பது ஆண்டுகளாக வந்துகொண்டிருப்பவர்களில் பலர் மூத்தோர். நேற்று வந்த இளையருக்குச் சலுகை கிடைத்து, கடை திறந்த நாள் முதல் வரும் பாட்டிக்குக் கிடைக்கவில்லை என்றால், அத்திட்டம் எந்த விசுவாசத்திற்கு வெகுமதி தருகிறது? இதற்கும் வழி உண்டு. மன்றப் பற்றுச்சீட்டுகளைத் தாளில் அச்சிட்டுத் தரச் சமூக மன்றங்கள் உதவின. கடைக்காரர்கள் அத்தாளில் இருந்த குறியீட்டை வருடினர். சிறுகடையும் அவ்வாறே செய்யலாம். தொலைபேசி எண்ணைச் சொன்னாலே புள்ளிகள் சேரும் வகையிலும் திட்டத்தை அமைக்கலாம். ஒரு செயலியைப் பதிவிறக்கினால்தான் சலுகை என்று கட்டாயப்படுத்துவது பொருந்தாது.

இவ்வளவு தொல்லை எதற்கு, பழைய கொசுறே போதாதா என்ற கேள்வியும் எழலாம். கடையில் முதலாளியே நின்ற காலத்தில் அது போதுமானதாக இருந்தது. இன்று பணியாளர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். வாடிக்கையாளர்களும் இணையத்தில் பொருள் வாங்குகிறார்கள். யார் அடிக்கடி வருகிறார், யார் வருவதை நிறுத்திவிட்டார் என்பதை நினைவில் வைத்திருக்க ஒரு கருவி தேவைதான். ஆனால், கருவி நினைவூட்ட மட்டுமே செய்யும். நலம் விசாரிப்பது மனிதரின் வேலை.

பற்றுச்சீட்டு தாளில் இருந்தாலும் திரையில் இருந்தாலும், ‘மீண்டும் வாருங்கள், இதைத் தருகிறோம்’ என்று கடை கொடுக்கும் வாக்குறுதி அது. தன்னால் காப்பாற்ற முடிந்த அளவுக்கு மட்டும் வாக்குக் கொடுத்து, கொடுத்ததை முகம் சுளிக்காமல் நிறைவேற்றும் கடையை வாடிக்கையாளர் எளிதில் கைவிடமாட்டார். பெரிய தள்ளுபடியைவிடச் சிறு சொல்லைக் காப்பாற்றுவதே சிறுகடைக்கு உண்மையான முதலீடு.