வால்வு எரிந்தது யார் குற்றம்?

வெள்ளிக்கிழமை தோறும் பல்லாவரத்தில் கூடும் சந்தையில், பழைய ரேடியோ, கிராமபோன், ஆம்ப்ளிஃபயர் முதலியவற்றைப் பரப்பி வைத்து விற்கும் சிறு வியாபாரிகளைக் காணலாம். கிட்டார் வாசிக்கும் இளைஞர்களும் அங்கே வருவதுண்டு. எரிந்துபோன வால்வைக் காட்டி, "இதே நம்பர் இருக்கிறதா?" என்று கேட்பதுண்டு.

வால்வா? அது பாட்டன் காலத்துச் சரக்காயிற்றே என்று சிலர் நகைக்கலாம். 1947-ல் கண்டுபிடிக்கப்பட்ட டிரான்ஸிஸ்டர், நாளடைவில் வால்வை ரேடியோவிலிருந்து விரட்டிவிட்டது உண்மையே. ஆயினும் கிட்டார் கலைஞர்களில் பலர் அதைக் கைவிடவில்லை. முழு வேகத்தில் முடுக்கும்போது வால்வு தரும் கனத்த ஒலி அவர்களுக்கு வேண்டும். நமக்கும் அது அந்நியப் பொருளல்ல. 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தலில் பாவலர் வரதராஜன் நமது கட்சிக்காகப் பாடினாரே, அந்தக் காலத்து மேடைகளில் முழங்கிய மைக் செட்டுகள் வால்வு செட்டுகள்தாம்.

வால்வு எரிந்தால் புதிய வால்வைச் செருகு என்பதே இன்றைய வைத்தியம். இது வைத்தியமா? வால்வு முதுமையடைவது இயற்கை. சூடேறும் காத்தோடின் மேல் பூசிய பேரியம் ஆக்ஸைடு தேயத் தேய ஒலி மங்கும். கண்ணாடிக்குள் காற்றுப் புகுந்தால், உட்புறம் வெள்ளிபோல் மின்னும் பூச்சு வெளுத்துப்போகும். இவற்றுக்கு வால்வை மாற்றுவதைத் தவிர வழியில்லை. ஆனால் நல்ல வால்வின் ப்ளேட்டு செக்கச்செவேலென்று சிவந்து மாண்டுபோனால், குற்றவாளி பல சமயம் வேறிடத்தில் ஒளிந்திருக்கிறான். முந்தின வால்வையும் இதையும் இணைக்கும் சிறு கண்டென்சர் கசிகிறது. வரக்கூடாத மின்னழுத்தம் கிரிட்டில் ஏறுகிறது. கட்டுப்பாடு தளர்ந்து மின்னோட்டம் பெருகுகிறது. வால்வு வெந்து சாகிறது. சில ரூபாய்க் கண்டென்சரை விட்டுவிட்டு, ஆயிரக்கணக்கில் விலையுள்ள வால்வை மட்டும் மாற்றினால், அதற்கும் அதே கதிதான்!

இதைக் கண்டுபிடிப்பவர் யார்? மீட்டரும் சால்டரிங் இரும்புமாக மூலைக் கடையில் உட்கார்ந்திருக்கும் மெக்கானிக். பழைய ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றின் உள்ளே, எந்த இடத்தில் எந்த வால்வு என்ற அட்டவணையே ஒட்டப்பட்டிருந்தது. இன்றைய சாதனங்களிலோ சர்க்யூட் படம் கம்பெனியின் ரகசியம். உதிரிப் பாகம் கம்பெனியின் தயவு. பழுது பார்க்காதே, புதிதாய் வாங்கு என்பதே லாபத்தின் வேதம்.

உற்பத்தியின் கதையும் இதுவே. 1954-ல் பெங்களூரில் தோன்றிய பொதுத்துறை நிறுவனமான பாரத் எலெக்ட்ரானிக்ஸ், 1961-ல் ரேடியோ வால்வுகளைச் செய்யத் தொடங்கியது. நமது தொழிலாளர்கள் அங்கே செய்த இ.எல். 84 வால்வுகளை இன்றும் வெளிநாட்டார் தேடி வாங்குகிறார்கள். இன்றோ உலகின் கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களுக்கு வேண்டிய வால்வுகளில் பெரும்பகுதி, ருஷ்யாவின் சரத்தோவ் நகரிலும் ஸ்லோவாக்கியாவிலும் சீனாவிலும் உள்ள விரல்விட்டு எண்ணக்கூடிய ஆலைகளிலிருந்தே வருகிறது. 2022 மார்ச்சில், உக்ரைன் யுத்தத்தை ஒட்டி ருஷ்யா ஏற்றுமதித் தடை விதித்ததும், கடைகளில் சரக்கு அருகியது, விலை ஏறியது. பின்னர் ஏற்றுமதி மீண்டும் தொடங்கியது. எங்கோ மூளும் யுத்தம் இங்கே ஒரு கலைஞனின் கருவியை ஊமையாக்கும் என்ற பாடத்தை மறக்கலாகாது.

வால்வு யுகம் திரும்ப வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. விஞ்ஞான முன்னேற்றத்துக்கு நாம் விரோதிகளல்லர். 2022 டிசம்பரில் மத்திய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை' என்று ஓர் இணையதளம் தொடங்கியது. நல்லது, ஆனால் முதலாளிகளின் நல்லெண்ணத்தை நம்பி உரிமை நிலைக்குமா? சர்க்யூட் படத்தையும் உதிரிப் பாகத்தையும் நியாய விலையில் தரும்படி சட்டம் கட்டளையிட வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில், பாகத்தை மாற்றுவதோடு நில்லாமல், பழுதின் காரணத்தைத் தேடவும் கற்பிக்க வேண்டும். மூலைக் கடை மெக்கானிக்கைக் கைத்தொழிலாளியாக மதித்துக் காக்க வேண்டும்.

எரிந்த வால்வை மட்டும் பார்ப்பவனுக்குப் பழுது தெரியாது. கசியும் இடத்தைத் தேடுவோம். ஆம்ப்ளிஃபயரிலும் சரி, சமுதாயத்திலும் சரி!