கட்டுவித்தவரும் கட்டியவரும்

யாழ்ப்பாண நகரிலும் சுற்றயலிலும் எஞ்சி நிற்கும் பழைய வீடுகளை ஒளிப்படமெடுத்து ஆவணப்படுத்தும் முயற்சிகள் நடைபெற்று வருகின்றன. இவற்றை நாம் வரவேற்கிறோம். போர் தின்றவை போக எஞ்சியவற்றைக் காணிவிலையும் கொங்கிறீற்று மோகமும் தின்றுகொண்டிருக்கும் வேளையில், இடிபடுமுன் படமெடுத்து வைப்பது கடமையே. ஆயினும் எதனைப் படமெடுக்கிறோம், எதனை விட்டுவிடுகிறோம் என்ற வினாவை எழுப்பாதிருத்தல் இயலாது.

அப்படங்களிற் பெரும்பாலும் நாம் காண்பன யாவை? சங்கடப்படலை, திண்ணை, நாற்சார் முற்றத்து வெயில், கடைந்தெடுத்த மரத்தூண். கீழே, வீட்டைக் கட்டுவித்தவரின் பெயரும் பதவியும். கட்டுவித்தவர் வேறு, கட்டியவர் வேறு என்பதைத் தன்வினை பிறவினை கற்ற மாணவனும் அறிவான். கல் உடைத்தவர், சுண்ணாம்பு சுட்டவர், பனை அரிந்து சிலாகையாக்கியவர், கதவிற் பூவேலை செய்த தச்சர் ஆகியோருக்கு அங்கே ஒரு வரியும் இல்லை.

மலாயா உத்தியோகப் பணமும் புகையிலை வாணிகத்தின் ஊதியமும் இவ்வீடுகள் பலவற்றை எழுப்பின. அவற்றின் அமைப்பிலோ சாதியின் கட்டளை உறைந்து கிடக்கிறது. எவர் திண்ணையில் அமரலாம், எவர் முற்றத்துக்கு வெளியே நிற்கவேண்டும், எவருக்குச் சிரட்டையில் நீர் வார்க்கப்படும் என்பனவெல்லாம் அன்று வரையறுக்கப்பட்டிருந்தன. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் கோயில், பாடசாலை, தேநீர்க்கடை முதலிய இடங்களைப் பற்றிப் பேசியது. வீட்டுத் திண்ணையை அது அசைக்கவில்லை. அத்திண்ணையை வெறும் விருந்தோம்பலின் சின்னமாகக் காட்டுவது அரை உண்மை.

அழகை இரசிக்குமிடத்தில் அரசியல் எதற்கு என்பர் சிலர். அவர்களை நகரின் சோனகத் தெருவுக்கு அழைக்கிறோம். 1990 ஒக்டோபர் 30ஆம் நாள், இரண்டு மணி நேர அவகாசத்தில், யாழ்ப்பாண முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவர்கள் விட்டுச்சென்ற வீடுகள் பல கூரையும் கதவும் இழந்து வெறுஞ் சுவர்களாயின. அச்சுவர்களும் இந்நகரின் பழைய வீடுகளே. ‘எமது மரபு’ என்னும் சொல்லுக்குள் அவை அடங்காவாயின், ‘எமது’ என்பதன் பொருளையே நாம் ஐயுறல் வேண்டும்.

எனவே, படம் மட்டும் போதாது. ஒவ்வொரு வீட்டுக்கும் அளவும் வரைபடமும் வேண்டும். கட்டிய கைகளின் வழிவந்தோரிடமும், வாசலுக்கு வெளியே நின்றோரின் பிள்ளைகளிடமும், புத்தளத்தில் வாழும் சோனகத் தெரு முதியோரிடமும் கேட்டறிந்தவை படத்தோடு பதிவாதல் வேண்டும். நாற்சார் வீட்டின் பக்கத்திலே அதன் தோட்டத்தில் உழைத்தவரின் மண்குடிசைக்கும் இடம் வேண்டும்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, எம் வரலாற்றைப் பிறர் அழித்தனர் என்று நாம் கதறினோம். அக்கதறல் நியாயமானது. இன்று நாமே எழுதும் ஏட்டிற் பாதி மக்களை விட்டுவிடுவோமாயின், எவரைக் குற்றஞ் சாட்டப்போகிறோம்?