குழந்தையின் கண்ணில் பீளை

காலையில் குழந்தை கண் திறக்க முடியாமல் சிணுங்குகிறது. இமைகள் பசை தடவினாற்போல் ஒட்டியிருக்கின்றன. "சூடு! விளக்கெண்ணெய் வை" என்று வீட்டுப் பெரியவர்கள் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். சூடு என்ற ஒரு சொல்லுக்குள் நாம் எத்தனை வியாதிகளைப் போட்டு மூடிவைத்திருக்கிறோம்!

கைக்குழந்தைகளிடம் மிகச் சாதாரணமான காரணம் வேறு. கண்ணில் சுரக்கும் நீர், மூக்கின் பக்கமுள்ள கண்கோடியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வழியாக மூக்கினுள் வடிய வேண்டும். சில சிசுக்களுக்கு அக்குழாயின் அடிவாயிலை ஒரு சவ்வு மூடியிருக்கும். நீர் தேங்கும், பீளை கட்டும். கண்ணின் வெண்மை சிவக்காது. குழந்தையும் சுகமாகவே விளையாடும். கழுவிய விரலால் கண்கோடியிலிருந்து மூக்கோரமாகக் கீழ்நோக்கி அழுத்தி நீவும் முறையை வைத்தியரிடம் கற்றுக்கொண்டு, தினம் சில தடவை செய்துவரலாம். 100 குழந்தைகளில் சுமார் 90 பேருக்கு ஒரு வயதுக்குள் அடைப்புத் தானே திறந்துவிடுகிறது.

ஆனால் பிறந்து ஒரு மாதத்துக்குள் இமை வீங்கிச் சீழ் பெருகினால் ஒரு நாள்கூடத் தாமதிக்கலாகாது. பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றும் கிருமி கருவிழியையே அரித்துவிடும். சிசுக்களின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் சொட்டு விடும் முறையை ஜெர்மானிய வைத்தியர் கிரெடே 1881-ல் வெளியிட்ட பிறகே, ஐரோப்பியப் பிரசவ விடுதிகளில் இக்கொடுமை பெரிதும் குறைந்தது.

இன்னொன்று. ஓயாமல் நீர் வடிந்து, வெளிச்சம் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் குழந்தைக்குக் கண் நாளுக்கு நாள் பெரிதாகவோ மங்கலாகவோ தோன்றினால், "என்ன அழகான பெரிய கண்!" என்று பூரித்துப்போக வேண்டாம். கண்ணினுள் அழுத்தம் ஏறும் நோயாக இருக்கலாம். சஸ்திர சிகிச்சைக்குத் தாமதித்தால் பார்வை போய்விடும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு வருவது பெரும்பாலும் தொற்றுக் கண்வலி. நம் சென்னையின் பேரையே அதற்குச் சூட்டி 'மெட்ராஸ் ஐ' என்கிறார்கள், நல்ல பெருமை! பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது பொய். கையும் துண்டும் தலையணையுமே அதைக் கொண்டுசேர்ப்பவை. அரிப்போடு நூல் நூலாக வெண்பீளை வந்தால் ஒவ்வாமையாக இருக்கலாம். ஒரு கண்ணில் மாத்திரம் திடீரென்று வந்தால், தூசியோ உமியோ விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஈ மொய்க்கும் அழுக்கு முகத்தின் வழியே பரவும் டிராக்கோமா என்ற கண்நோய் நம் தேசத்தில் அநேகரைக் குருடராக்கியது. அது பொதுச் சுகாதாரப் பிரச்னையாக இந்தியாவில் இனி இல்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2024-ல் அறிவித்தது. அவ்வெற்றியில் மருந்துக்கு மட்டுமன்று, முகம் கழுவிய ஜலத்துக்கும் பங்குண்டு.

பீளையைத் துடைக்கக் காய்ச்சி ஆறிய நீரும் சுத்தமான பஞ்சும் போதும், கண்ணுக்கொரு பஞ்சு. மை, தாய்ப்பால், போன தடவை மிச்சமான சொட்டு மருந்து ஆகிய மூன்றும் கண்ணருகே வரவேண்டாம்.